617-ஆம் கதவைப் பிடித்திருப்பவர்

மத்தியானம் இரண்டே கால். ஞாயிற்றுக்கிழமை. வரிசையாகக் கிடங்குகள் இருக்கும் சாலை… ஒரு ஷட்டர்கூடத் திறந்திருக்கவில்லை. பஸ் பாலத்தோடு திரும்பிப் போய்விட்டது. மீதி ஒன்றரைக் கிலோமீட்டரும் நடைதான். வெயிலில் தார் இளகி, செருப்பு ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. சப்… சப்… சப்… அதைத் தவிர வேறு சத்தம் இல்லை.

பேய்க் கதையை மத்தியானத்திலா ஆரம்பிப்பார்கள் என்று சிரிக்க வேண்டாம். நெட்டையன் ஏன் இன்றைக்கு லீவு போட்டான் என்று கேட்டது நீங்கள்தான். அவன் ஷிஃப்டையும் சேர்த்து நம் தலையில் கட்டிவிட்டான் என்று எல்லோருக்கும் எரிச்சல். நியாயம்தான். ஆனால் கரண்ட் வரும்வரை நமக்கும் வேலை இல்லை. ஜெனரேட்டர்காரன் வந்தால்தான் உண்டு. போன் எல்லாம் செத்தாச்சு. செக்யூரிட்டி அண்ணன் கைக்கடிகாரம் ஒன்றுதான் ஓடுகிறது, அதில் ராத்திரி மணி இரண்டரை. நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த எமர்ஜென்சி விளக்கை நடுவில் வையுங்கள்… கண்ணில் அடிக்காமல். ஆங், அப்படி.

அந்தச் சாலையில் நடந்து வந்தவள் நெட்டையனின் அக்கா. இதெல்லாம் அவன் வாயாலேயே சொன்னது. அவன் மற்ற விஷயத்தில் அளப்பான், அக்கா விஷயத்தில் அளக்க மாட்டான்.

அக்கா சி மொழியில் நிரல் எழுதுகிறவள். மருந்துக் கிடங்கு ஒன்றின் கணினிகள் அவள் பொறுப்பு. அந்தக் கிடங்கில் நான்கு குளிர் அறைகள், உள்ளே தடுப்பூசி மருந்து. எட்டு டிகிரியைத் தாண்டினால் எல்லாம் பாழ். ஒவ்வொரு அறையிலும் ஒரு சின்னக் கருவி இருக்கும். நிமிடத்துக்கு ஒரு தரம் தன் வெப்பநிலையைக் கணினிக்குச் சொல்லும். கணினியில் ஒரு நிரல் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஒழுங்கான தகவல் வந்தால் ‘சரி’ என்று பதில் அனுப்பும். சூடு ஏறினால் அக்காவுக்குப் போன் அடிக்கும்.

செக்யூரிட்டி அண்ணனுக்காக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கணினிக்கு அறுபத்தைந்தாயிரம் கதவுகள். போர்ட் என்போம். வெளியிலிருந்து பேச வருகிறவர்கள் ஏதாவது ஒரு கதவைத்தான் தட்ட வேண்டும். உள்ளே ஏதாவது ஒரு நிரல் அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஒரு கதவுக்கு ஒரு ஆள்தான். இதில் 1024-க்குக் கீழே இருக்கும் கதவுகளைச் சாதாரண ஆட்கள் தொடக்கூட முடியாது. ரூட் என்கிற முழு அதிகாரம் வேண்டும். அந்தக் கருவிகளுக்கு 617-ஆம் கதவைத்தான் தெரியும். கருவியின் சிப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள், மாற்ற முடியாது.

“அப்ப அந்த புரோகிராமுக்கு எல்லா அதிகாரத்தையும் தூக்கிக் குடுத்துடுவீங்களா?”

நல்ல கேள்வி அண்ணா. அங்கேதான் ஒரு வழக்கம் இருக்கிறது. நிரல் ராஜாவாகத் தொடங்கும், கதவைப் பிடிக்கும், பிடித்த கையோடு அதிகாரத்தைத் துறந்துவிட்டுச் சாதாரண ஆளாகிவிடும். முதலில் குழு அதிகாரம், பிறகு சொந்த அதிகாரம். துறந்தது துறந்ததுதான், திரும்பக் கிடைக்காது. கதவு மட்டும் கையில் இருக்கும். அதையும் விட்டுவிட்டால் மறுபடி பிடிக்க முடியாது.

இந்த நிரலை முதலில் எழுதியவர் அக்காவுக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர். பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள், ‘தைலம்’ என்றுதான் சொல்வார்கள். எப்போதும் நெற்றியில் தலைவலித் தைலம். பதினோரு வருஷம் ஒற்றை ஆளாகப் பார்த்தார். ராத்திரி எந்த அறை சூடானாலும் அவர்தான். தட்டச்சு செய்வதற்கு முன்னால் விரல்களை ஒவ்வொன்றாகச் சொடுக்குவாராம். ஒன்பது சத்தம் வரும். இடது சுண்டு விரல் எப்போதோ உடைந்தது, அது மட்டும் சொடுக்காது.

ஒருநாள் விடியற்காலையில் அந்த மேசையிலேயே செத்துப்போனார். முகம் கீபோர்டின் மேல். அந்த நிமிடத்திலிருந்து திரையில் ஒரே எழுத்து, பக்கம் பக்கமாக… அதை வைத்துத்தான் நேரத்தைச் சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை, மூன்று பத்து.

அடுத்த மாதம் அக்கா வேலைக்குச் சேர்ந்தாள். கணக்குத் திறந்து கொடுத்த சிஸ்டம்காரருக்குச் சிடுமூஞ்சி என்று பெயர். கணினியைப் பொறுத்தவரை பெயரெல்லாம் நமக்காகத்தான், அதற்கு ஆள் என்றால் எண். அக்காவுக்குக் கிடைத்த எண் 1013. தைலத்தின் எண்.

“புதுசா ஒண்ணு குடுங்க சார்,” என்றாள் அக்கா.

“காலியா கிடக்கு, எடுத்துக்கம்மா. எண்ணுல என்ன இருக்கு?”

செத்தவர் விட்டுப்போன கோப்புகள் எல்லாம் ஒரே நாளில் அக்கா பெயரைக் காட்டின. அவர் போன் நம்பரையும் அவளுக்கே கொடுத்தார்கள். “ஆள் காலி பண்ணின வீட்டுக்குக் குடி வந்த மாதிரி இருக்குடா, கொடியில துணிகூட அப்படியே காயுது,” என்று நெட்டையனிடம் சொல்லிச் சிரித்தாளாம். அப்போது சிரிக்கத் தெம்பு இருந்தது.

மூன்று வருஷம் ஓடியது. ராத்திரி போன்… எழுந்து பார்… மறுபடி படு… மறுபடி போன். பழைய நிரலைத் தூக்கிப் போட்டுப் புதிதாக எழுதினால்தான் விமோசனம் என்று முடிவு செய்தாள். பழையதைப் படித்துப் பார்த்தபோது அதிர்ந்துபோனாள். கதவைப் பிடித்த பிறகு அதிகாரத்தைத் துறக்கும் அந்த இரண்டு வரிகள் ஓடவே இல்லை. தைலம் அவற்றை அடைத்து வைத்திருந்தார். பக்கத்தில், இயந்திரம் படிக்காத, மனிதர்கள் மட்டும் படிக்கும் ஒரு குறிப்பு: இன்னும் இல்லை.

அவ்வளவுதான். பதினோரு வருஷமும் ராஜாவாகவே ஓடியிருக்கிறது. நடுராத்திரியில் கதவு நழுவினால் மறுபடி பிடிக்க வேண்டுமே என்ற பயம். விட மனசு வரவில்லை மனிதருக்கு.

அக்கா மூன்று ராத்திரி கண் விழித்து எழுதி, வெள்ளிக்கிழமை புதிய நிரலை வைத்தாள். பழையதைத் தன் கையாலேயே அழித்தாள். சனிக்கிழமை கிடங்கில் மின்சார வேலை, கணினி அணைந்து எழுந்தது. புதிய நிரல் எழவில்லை. ஞாயிறு காலையில் மேனேஜர் போன். “அஞ்சு மணிக்கு ஆளுங்க எல்லாம் கிளம்பிடுவாங்க. அதுக்குள்ள சரி பண்ணுங்க. இல்லன்னா ராத்திரி முழுக்க யாராவது நாலு தெர்மாமீட்டர் முன்னாடி உட்காரணும்.” யாராவது என்றால் யார் என்று அக்காவுக்குத் தெரியாதா?

அப்படித்தான் அந்த மத்தியானம்.

கேட்டில் வாட்ச்மேன். இரண்டு நாளாக அவரை மாற்றிவிட ஆள் வரவில்லையாம். “கையெழுத்துப் போட்டுட்டுப் போங்கம்மா. நீங்களாவது இன்னிக்கு வீட்டுக்குப் போவீங்களா?” என்று கேட்டார். அக்கா கையெழுத்தைப் போட்டுவிட்டு உள்ளே நடந்தாள்.

உள்ளே சின்ன அறை, ஜன்னல் இல்லை. மின்விசிறியில் பேரிங் போய்விட்டிருந்தது… கிர்ர்… டக்… கிர்ர்… டக். ஒரு மேசை, அதே மேசை. அக்கா உட்கார்ந்து நிரலைத் தொடங்கினாள். ஒரே வரியில் பதில் வந்தது. முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது.

அதாவது, 617-ஆம் கதவை யாரோ பிடித்திருக்கிறார்கள்.

யார் என்று கேட்டாள். பட்டியல் வந்தது. முதலில் தன் பெயரைத்தான் பார்த்தாள். அவள் எதையும் ஓட்டவில்லை. இருந்தாலும் மூன்று நாள் தூக்கமில்லாதவளுக்குத் தன் மேலேயே சந்தேகம் வரும் இல்லையா? பக்கத்துக் கட்டத்தைப் பார்த்தாள், நிரல் தொடங்கிய நேரம். கணினி எழுந்தே ஒரு நாள்தான் ஆகிறது. அந்த நிரல் தொடங்கி மூன்று வருஷம் ஆகியிருந்தது. செவ்வாய்க்கிழமை. மூன்று பத்து.

விசிறி கிர்ர்… டக்…

கணினி பிறப்பதற்கு முன்னால் அதற்குள் ஒரு நிரல் பிறந்திருக்க முடியாது. அக்கா ரூட்டாக மாறி, எந்த நிரலையும் இரக்கமே இல்லாமல் அங்கேயே கொன்றுவிடும் ஒன்பதாம் எண் கட்டளையைக் கொடுத்தாள். கணினி முணுமுணுக்கக்கூட இல்லை. பட்டியலில் அது அப்படியே இருந்தது. கணினியையே அணைத்து எழுப்பினாள். எழுந்தது. அதே வரி, அதே நேரம். இப்போதுதான் இன்னொன்றைக் கவனித்தாள். பழைய நிரல் எப்போதும் ரூட் பெயரில் ஓடும். இது 1013-இன் பெயரில் ஓடுகிறது. அதிகாரத்தைத் துறந்துவிட்டது. பதினோரு வருஷமாக ‘இன்னும் இல்லை’ என்று அடைத்து வைத்த வரிகளை யாரோ திறந்துவிட்டிருக்கிறார்கள்.

மணி நாலரை. அக்காவுக்குப் பயப்படக்கூடத் தெம்பில்லை. பயப்படுவதும் ஒரு வேலைதானே? 617-ஐத் தட்டிப் பார்த்தாள். மூன்றாம் அறை, நாலு டிகிரி என்று அடித்தாள். ‘சரி’ என்று வந்தது. மூன்றாம் அறை, பதினொரு டிகிரி என்று அடித்தாள். ‘சரி.’

கைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்தாள். சூடு ஏறினால் வரும் அழைப்பில் எப்போதும் பதிவு செய்த ஒரு பெண் குரல்தான் வரும். வரவில்லை. காதுக்கு வெகு அருகில்… டக். டக். டக். நிதானமாக. எண்ணினாள். ஒன்பது. பிறகு ஒரு இடைவெளி, இன்னொன்று வர வேண்டிய நேரம். அப்புறம் இணைப்பு அறுந்தது. அறையில் தைல வாசனை.

என்ன செய்வாள் சொல்லுங்கள்? ஓடியிருப்பாள் என்கிறீர்கள். இல்லை. வேலை செய்கிறது… அவ்வளவுதான் அவளுக்குத் தோன்றியது. வேலை செய்கிறதை எதற்குத் தொட வேண்டும்? நம்மில் யார் தொட்டிருப்போம்?

மேனேஜர் கூப்பிட்டார். “ஓடுதா?”

“ஓடுது சார்.”

“உங்க புரோகிராம்தானே?”

பட்டியலில் அவள் பெயர்தான் இருந்தது. “ஆமா சார்,” என்றாள்.

வீட்டுக்குப் போய்ப் படுத்தவள் பதினாலு மணி நேரம் தூங்கினாள். அன்று ராத்திரி போன் அடிக்கவில்லை. மறுநாளும் இல்லை. ஒரு வாரம், இரண்டு வாரம்… மூன்று வருஷத்தில் முதல் தடவை. அக்கா வீட்டுக்காரர்கூட, “என்ன, உன் சக்களத்தி கூப்பிடறதில்லையா?” என்று போனைக் காட்டிக் கிண்டல் செய்தார்.

ஆனால் ஒன்று. எவ்வளவு தூங்கினாலும் அலுப்புப் போகவில்லை. காலையில் எழுந்தால் ராத்திரி முழுக்க மூட்டை தூக்கியது போல உடம்பு. கண்ணுக்குக் கீழே கருப்பு. ஒருநாள் கிடங்கின் பதிவேட்டைப் பார்த்தாள். குளிர் அறைகள் ராத்திரியில் சூடானதெல்லாம் வரிசையாக இருந்தது. ஒன்று நாற்பது, இரண்டு ஐந்து, மூன்று இருபது… ஒவ்வொன்றையும் யாரோ கவனித்து முடித்திருக்கிறார்கள். கவனித்தவர் என்ற இடத்தில் எல்லா வரியிலும் அவள் பெயர்.

அன்று அவள் கேட்காமலேயே வீட்டுக்காரர் சொன்னார். “நானே கேக்கணும்னு இருந்தேன். ராத்திரி எழுந்து உட்கார்ந்துக்கறே. கண்ணு மூடியிருக்கு. விரலை ஒவ்வொண்ணா சொடுக்கறே. போனைக் காதுல வெச்சு, ‘சரி, பாத்துக்கறேன்’னு சொல்லிட்டுப் படுத்துக்கறே.”

“எத்தனை?”

“என்ன எத்தனை?”

“சொடுக்கு. எத்தனை?”

அவர் யோசித்தார். “பத்து இருக்கும்… இல்ல. ஒண்ணு கம்மி.”

கணினிக்கு எண்தான் ஆள். 1013 என்றால் அவரும் அவளும் ஒன்று. அவர் எழுந்தால் அவள் எழ வேண்டும்.

அடுத்த ஞாயிறு, அதே சாலை, அதே வெயில். அக்கா மேசையில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை ரூட்டாக மாறவில்லை. 617-ஐத் தட்டினாள். வெப்பநிலை எதையும் சொல்லவில்லை. சாதாரணமாக அடித்தாள்: போதும் சார். இனிமே நான் பாத்துக்கறேன்.

புரியாத வரி வந்தால் அந்த நிரல் ‘பிழை’ என்று உடனே திருப்பி அனுப்பும். அனுப்பவில்லை. கர்சர் மினுங்கிக்கொண்டே இருந்தது. கிர்ர்… டக்… கிர்ர்… டக்… ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். பிறகு, மெதுவாக,

சரி.

பட்டியலைப் பார்த்தாள். கதவு காலி. அதிகாரத்தைத் துறந்தவரால் இனித் திரும்பிவந்து பிடிக்க முடியாது. தன் நிரலைத் தொடங்கினாள். பிடித்தது. துறந்தது. ஓடியது. அன்று ராத்திரி இரண்டு மணிக்குப் போன் அடித்தபோது, எடுத்துப் பார்த்து அழுதுவிட்டாளாம். சந்தோஷத்தில். தன்னுடைய அலுப்பு தன்னிடமே திரும்பி வந்துவிட்டது என்று.

இதோடு முடிந்திருந்தால் நெட்டையன் இந்நேரம் இங்கே உட்கார்ந்து ஏப்பம் விட்டுக்கொண்டிருப்பான்.

போன மாதம் அக்கா வேலையை விட்டாள். உடம்பு தாங்கவில்லை. போன வெள்ளிக்கிழமைதான் சிடுமூஞ்சி அவள் கணக்கை அழித்தார். நிரலையும் நிறுத்தினார். நேற்று, திங்கட்கிழமை, வேறொருவர் எழுதிய நிரலை வைக்கப் போனார்கள். முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது.

சாயங்காலம் சிடுமூஞ்சி நெட்டையனுக்குப் போன் போட்டார். எதற்கும் அசராத மனிதர், ஹலோகூடச் சொல்லாமல் ஆரம்பித்தாராம். “தம்பி, உங்கக்கா கணக்கை நான்தான் அழிச்சேன். அழிச்சா பட்டியல்ல வெறும் எண்தான் வரணும். அவங்க பேர் வருது.”

“ஒயரைப் புடுங்குங்க சார்.”

“புடுங்கியாச்சுப்பா. பக்கத்து மெஷின்ல இருந்து தட்டிப் பார்த்தேன். இன்னும் ‘சரி’ங்குது.”

நெட்டையன் அப்போதே செருப்பை மாட்டிக்கொண்டான். “ஆரம்பிச்ச நேரம் என்ன சார் காட்டுச்சு?”

“அதுக்குத்தான் உனக்குப் போன் பண்ணேன். செவ்வாய்க்கிழமை, மூணு பத்துன்னு காட்டுச்சு.”

“அது பழசு சார். தைலம் சார் போன நேரம்.”

“இல்ல தம்பி. தேதியப் பார்த்தேன். நாளைக்கு.”

நெட்டையன் நேராக அக்கா வீட்டுக்குப் போய்விட்டான். அவளிடம் எதுவும் சொல்லவில்லை. அவளாகத்தான் படுக்கப் போகும்போது சொன்னாளாம், “அன்னிக்கு நான் அந்த வார்த்தையச் சொல்லியிருக்கக் கூடாதுடா. இனிமே நான் பாத்துக்கறேன்னு.” சொல்லிவிட்டுப் படுத்த உடனே தூங்கிவிட்டாள். அவன் விளக்கைப் போட்டுக்கொண்டு கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். நல்ல தூக்கம், மூச்சு சீராக இருக்கிறது என்று ஒரு மணிக்கு எனக்குச் செய்தி அனுப்பினான். கரண்ட் போவதற்குக் கொஞ்சம் முன்னால் இன்னொன்று வந்தது. ஒரே வார்த்தை.

ஒன்பது.

அதோடு என் போனும் செத்துவிட்டது.

செக்யூரிட்டி அண்ணா… மணி என்ன?

அவர் விளக்கின் பக்கம் கையைத் திருப்பிப் பார்த்தார்.

“மூணு,” என்றார். பிறகு, கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, “ஆனா இது பத்து நிமிஷம் ஸ்லோ.”